படம் வரைந்து சொல் கண்டுபிடிக்கும் இணைய விளையாட்டில் விதிகளை மாற்றி ஆடுவது எப்படி

ஒருவர் படம் வரைய, அது எந்தச் சொல்லைக் குறிக்கிறது என்று மற்றவர்கள் தட்டெழுதிக் கண்டுபிடிக்கும் விளையாட்டுகளுள் ஸ்கிரிபிள்.ஐஓ பலருக்கும் பழக்கமானது. உலாவியில் திறந்து, ஒரு பெயரை இட்டால் போதும், கட்டணம் இல்லை. அதன் இயல்பான விதி எளிது. வரைபவருக்கு மூன்று சொற்கள் காட்டப்படும். அவற்றுள் ஒன்றைத் தேர்ந்து 80 நொடிக்குள் வரைய வேண்டும். முந்திக் கண்டுபிடிப்பவருக்கு மிகுதியாகவும் பிந்துபவருக்குக் குறைவாகவும் புள்ளிகள் கிடைக்கும்; மற்றவர்கள் கண்டுபிடிப்பதைப் பொறுத்து வரைபவருக்கும் புள்ளி சேரும். பொது அறையில் அறிமுகமில்லாதவர்களோடு ஆடும்போது இந்த விதியில் எதையும் மாற்ற இயலாது. நண்பர்களுக்கென்று தனி அறை திறக்கும்போதுதான் மாற்றங்களுக்கு இடம் உண்டு. அந்த அறையில் எவற்றை மாற்றலாம், விளையாட்டு தராத விதிகளை நாமே எப்படிச் சேர்த்துக்கொள்ளலாம், தமிழ்ச் சொற்களை இட்டு ஆடும்போது எங்கே சிக்கல் எழும் என்பவற்றை இங்கே பார்க்கலாம்.

விதியை மாற்றுவதற்கு முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஊகிப்பவருக்கு மூன்று வழிகளில் செய்தி வந்து சேர்கிறது: வரையப்படும் படம், எழுத்துக்கு ஒன்றாக மேலே தெரியும் கோடுகளும் அவற்றில் இடையிடையே தோன்றும் துப்பு எழுத்துகளும், அரட்டைப் பெட்டியில் பிறர் இடும் தவறான விடைகள். எந்த விதிமாற்றமும் இம்மூன்றில் ஏதோ ஒன்றை இறுக்கும் அல்லது தளர்த்தும். இரண்டை ஒரே நேரத்தில் இறுக்கினால், எவரும் எதையும் கண்டுபிடிக்காமல் நேரம் தீரும்வரை திரையைப் பார்த்துக்கொண்டிருக்க நேரிடும். ஆகவே ஒன்றை இறுக்கினால் மற்றொன்றைத் தளர்த்த வேண்டும்.

நேரமும் சுற்றுகளும்

தனி அறையில் வரையும் நேரத்தை 15 நொடியிலிருந்து 240 நொடி வரையிலும், சுற்றுகளை 2 முதல் 10 வரையிலும் வைத்துக்கொள்ளலாம். எண்ணைத் தேர்வதற்கு முன் ஒரு சிறு கணக்குப் போடுவது நல்லது. எட்டுப் பேர் மூன்று சுற்று ஆடினால் மொத்தம் 24 முறை வரையப்படும். ஒவ்வொரு முறையும் 80 நொடி முழுவதும் ஓடினால் 32 நிமிடம் ஆகும், சொல்லைத் தேரும் நேரம் தனி. அதே கூட்டம் 120 நொடி வைத்தால் 48 நிமிடம் ஆகிவிடும். எல்லாரும் கண்டுபிடித்துவிட்டால் முறை அப்போதே முடிந்துவிடும் என்பதால் நடைமுறையில் இதைவிடக் குறையும். ஆனாலும் பத்துப் பேருக்கு மேல் சேர்ந்தால் சுற்றுகளை இரண்டாக்கி, நேரத்தை 60 நொடியாக்குவதே என் பரிந்துரை. நீண்ட நேரம் கொடுத்தால் படம் அழகாக வரும் என்பது உண்மைதான். ஆனால் அழகான படத்தை எல்லாரும் எளிதில் கண்டுபிடித்துவிடுவதால் போட்டி குன்றிவிடுகிறது.

துப்புகள், சொற்றேர்வு, ஆட்ட வகை

துப்புகளைச் சுழியம் முதல் ஐந்து வரை வைக்கலாம், இயல்பாக இரண்டு. நேரம் செல்லச் செல்லச் சொல்லின் சில எழுத்துகள் தாமாகத் தோன்றுவதுதான் துப்பு. வரையத் தயங்குபவர்கள் மிகுந்த கூட்டத்தில் இதைக் கூட்டுவது அவர்களுக்குத் துணையாக இருக்கும்.

வரைபவருக்குக் காட்டப்படும் சொற்களின் எண்ணிக்கையை ஒன்றிலிருந்து ஐந்து வரை மாற்றலாம். பலரும் கவனிக்காத அமைப்பு இது. எனக்கோ இதுதான் ஆட்டத்தை மிகுதியாக மாற்றுவதாகத் தோன்றுகிறது. ஐந்து சொற்கள் காட்டப்பட்டால் வரைபவர் எப்போதும் எளிதானதையே எடுப்பார். பட்டியலில் உள்ள கடினமான சொற்கள் ஒருபோதும் ஆட்டத்துக்கு வாரா. ஒன்றே காட்டப்பட்டால் 'பொறாமை' வந்தாலும் வரைந்தே ஆக வேண்டும்.

ஆட்ட வகை மூன்று. நார்மல் என்பது மேலே சொன்ன இயல்பான வகை. ஹிடன் என்பதில் சொல்லுக்கு எத்தனை எழுத்து என்பதே தெரியாது. காம்பினேஷன் என்பதில் இரண்டு சொற்கள் இணைத்துத் தரப்படும். யானையும் குடையும் வந்தால் இரண்டையும் ஒரே படத்தில் காட்ட வேண்டும், ஊகிப்பவர் இரண்டையும் சொல்ல வேண்டும். இந்த வகைக்கு 80 நொடி போதாது. 120 நொடியாவது தர வேண்டும்.

சொற்பட்டியலை நாமே அமைப்பது

தனி அறையில் நம் சொற்களை இடுவதற்கென ஒரு பெட்டி உண்டு. குறைந்தது பத்துச் சொற்கள் இருக்க வேண்டும். ஒவ்வொன்றையும் காற்புள்ளியால் பிரிக்க வேண்டும். நம் சொற்கள் மட்டுமே வர வேண்டுமானால் அதற்குரிய கட்டத்தில் குறியிட வேண்டும். குறியிடாவிட்டால் விளையாட்டின் சொந்தச் சொற்களும் கலந்து வரும்.

பத்துச் சொற்கள் போதும் என்று விளையாட்டு ஏற்றுக்கொண்டாலும், ஆட்டத்துக்கு அது போதாது. எட்டுப் பேர், மூன்று சுற்று, முறைக்கு மூன்று சொற்கள் என்றால் 72 சொற்கள் வரைபவர்களின் கண்ணில் படும். வேண்டாம் என்று விடப்பட்ட சொற்களும் அவர்களது நினைவில் நிற்கும் என்பதை மறக்கக் கூடாது. நூறு சொற்கள் இருந்தால் மன நிறைவோடு ஆடலாம்.

பட்டியலை ஒருவரே எழுதினால் அவருக்கு எல்லா விடையும் முன்பே தெரிந்திருக்கும். இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒவ்வொருவரும் பன்னிரண்டு சொற்களைத் தனித்தனியே அறை திறப்பவருக்கு அனுப்பி, அவர் ஆடாமல் நடுவராக இருப்பது ஒன்று. அவரும் ஆட விரும்பினால், ஆட்டத்தில் சேராத வீட்டார் ஒருவர் எல்லாவற்றையும் சேர்த்து ஒட்டி, அறை திறந்தவுடன் அழைப்பு இணைப்பை மற்றவர்களுக்கு அனுப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்வது மற்றொன்று.

பொருள் வாரியாகப் பட்டியல் அமைப்பதும் நல்ல மாற்றமே. 'சமையலறைப் பொருள்கள்' என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டால் ஊகிப்பவரின் வேலை பாதியாகிவிடும். ஆகவே அப்போது துப்புகளைச் சுழியமாக்கி நேரத்தைக் குறைக்கலாம். அறிவிக்காமல் விட்டு, மூன்றாம் நான்காம் படத்தில் அவர்களே பொருளை உணர்ந்துகொள்ளச் செய்வது இன்னும் சுவையானது.

தமிழ்ச் சொற்களுக்கு வேண்டிய தனி விதிகள்

தமிழ்ப் பட்டியலை இட்டு ஆடும்போது எழுத்தெண்ணிக்கை பெரிய சிக்கலாகிறது. 'யானை' நமக்கு இரண்டெழுத்து. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிக்கோடு முறையிலோ யகரம், துணைக்கால், னகரம், ஐகாரக் குறி என நான்கு குறியீடுகள். 'மரம்' நமக்கு மூன்று; புள்ளி தனிக் குறியீடாக இருப்பதால் அங்கே அதுவும் நான்கு. எனவே மேலே தெரியும் கோடுகளை எண்ணி எழுத்தை ஊகிக்கும் வழக்கம் தமிழில் பயன்படாது. துப்பாக ஒரு துணைக்காலோ கொம்போ மட்டும் தனியே தோன்றுவது ஊகிப்பவரைக் குழப்பவே செய்யும். ஹிடன் வகையைத் தேர்ந்து, துப்புகளைச் சுழியமாக்கி, அதற்கு ஈடாக நேரத்தை 100 நொடியாகக் கூட்டுவதே இதற்குச் சரியான ஏற்பாடு. எழுத்தெண்ணிக்கையைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால், வரைபவர் திரையின் மூலையில் அத்தனை புள்ளிகளை வைக்கலாம் என்று விதி செய்துகொள்ளலாம்.

இன்னும் நுட்பமான ஒன்றும் உண்டு. 'கொக்கு' என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம்; ஒற்றைக்கொம்பும் துணைக்காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. பட்டியல் ஒரு வகையிலும் ஊகிப்பவரின் விசைப்பலகை மற்றொரு வகையிலும் இருந்தால் சரியான விடையும் தவறெனத் தள்ளப்படக்கூடும். பழைய ஆவணங்களிலிருந்து சொற்களை வெட்டி ஒட்டாமல், ஆடுபவர்கள் பயன்படுத்தும் விசைப்பலகையிலேயே புதிதாகத் தட்டெழுதுவது இதைத் தவிர்க்கும்.

எழுத்தில் மட்டுமன்றிச் சொல்லிலும் வேறுபாடு வரும். படத்தில் இருப்பது ஒரே வண்டியாக இருக்க, ஒருவர் சைக்கிள் என்பார், மற்றவர் மிதிவண்டி என்பார், இலங்கையில் படித்தவர் துவிச்சக்கரவண்டி என்றும் எழுதக்கூடும். பப்பாளியும் பப்பாசியும் அப்படியே. பட்டியலில் இருக்கும் ஒரு வடிவத்தையே விளையாட்டு ஏற்கும் என்பதால், பல பெயருள்ள பொருள்களைப் பட்டியலில் சேர்க்காதிருப்பது நல்லது. சேர்த்தால், வேறு பெயரைச் சொன்னவருக்கு வரைபவர் ஒரு குறிப்பிட்ட குறியை வரைந்து காட்டலாம் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். பன்மை வேண்டாம், வினைச்சொல் என்றால் 'ஓடுதல்' என்பது போல் ஒரே வாய்பாட்டில் இருக்க வேண்டும் என்பவற்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடலாம். ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டெழுதுவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். நெடிலுக்கு ஓர் எழுத்தா இரண்டா, ழகரத்துக்கு எது என்பதில் இருவர் ஒத்துப்போவதே அரிது.

வரைபவருக்குத் தடைகள்

எழுத்தும் எண்ணும் வரையக் கூடாது என்பது இவ்வகை ஆட்டங்களுக்கு அடிப்படையான விதி. ராப் ஏஞ்சல் உருவாக்கி 1985இல் வெளிவந்த பிக்‌ஷனரி என்னும் பலகை விளையாட்டிலேயே அது உண்டு. ஆனால் இணையத்தில் ஒருவர் எழுத்தை வரைந்தால் அதைத் தடுக்க மென்பொருளில் வழியில்லை. நாம்தான் கண்காணிக்க வேண்டும். அம்புக்குறி, கூட்டல் குறி, தவறான பகுதியை அடித்துக் காட்டும் பெருக்கல் குறி ஆகியவை ஆகுமா ஆகாதா என்பதில்தான் பெரும்பாலான சண்டைகள் எழுகின்றன. அம்புக்குறியை அனுமதித்து மற்றவற்றை விலக்குவது பொருத்தமாக இருக்கும். படத்தில் எந்தப் பகுதியைப் பார்க்க வேண்டும் என்று காட்டாமல் 'முழங்கை' போன்ற சொற்களை வரைய முடியாது.

இதற்கு மேல் இறுக்க விரும்பினால், கறுப்பு நிறம் மட்டும், தடித்த தூரிகை மட்டும், நேர்கோடுகள் மட்டும், இடக்கை மட்டும் என்று விருப்பம்போல் வைக்கலாம். இவற்றுள் எனக்குச் சிறந்ததாகப் படுவது ஒரே கோட்டில் வரையும் விதி: விரலையோ சுட்டியையோ ஒருமுறை எடுத்துவிட்டால் வரைதல் முடிந்தது. கோடு விட்டுப்போனது எல்லாருக்கும் தெரியும் என்பதால் ஏமாற்ற வழியில்லை. கண்ணை மூடிக்கொண்டு வரையும் விதிக்கு அந்த நற்பேறு இல்லை. காணொளி அழைப்பும் சேர்ந்திருந்தால் மட்டுமே அதை ஏற்கலாம்.

ஊகிப்பவருக்குத் தடைகள்

விரைவாகத் தட்டெழுதுபவர் படத்தைப் பார்க்காமலேயே வாய்க்கு வந்த சொற்களையெல்லாம் இட்டு முந்திவிடுவது உண்டு. முறைக்கு ஐந்து விடைகள் மட்டும் என்று வரம்பு வைத்தால் இது அடங்கும். அரட்டைப் பெட்டியில் எல்லா விடையும் பதிவாகியிருப்பதால் எண்ணிப் பார்ப்பதும் எளிது. கைப்பேசியில் ஆடுபவர்களுக்கு விசைப்பலகை திரையின் பாதியை மறைத்துவிடும் என்பதால், கணினியில் ஆடுபவர்களுக்கு மட்டும் இந்த வரம்பை மூன்றாக்குவது நியாயமே. சரியாகக் கண்டுபிடித்தவர் அதன்பின் எழுதுவது மற்ற ஊகிப்பவர்களுக்குத் தெரியாதபடி விளையாட்டே பார்த்துக்கொள்கிறது. ஆனால் குரல் அழைப்பில் இணைந்திருக்கும்போது அந்தக் காப்பு இல்லை, "அட, இதுவா!" என்ற ஒரு வியப்பொலியே போதும். கண்டுபிடித்தவர் ஒலிவாங்கியை அணைத்துவிட வேண்டும்.

அணிகளாக ஆடுவது

மேற்சொன்ன தனி அறை அமைப்புகளைக் கொண்டு அணி பிரிக்க முடியாது; அதை நாமே செய்துகொள்ள வேண்டும். ஒவ்வொருவரும் பெயருக்கு முன் தம் அணியின் எழுத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். புள்ளிகளை ஆளுக்கு ஆள் கூட்டி அணிக்கணக்குப் பார்ப்பது எளிதாகத் தோன்றினாலும் அதில் ஒரு குறை இருக்கிறது. எதிரணியினர் கண்டுபிடித்தாலும் வரைபவருக்குப் புள்ளி சேரும் என்பதால், எதிரியின் திறமை நமக்கு இலாபமாகிவிடும். எனவே ஒரு முறையில் வரைபவரின் அணி மட்டுமே விடை சொல்ல வேண்டும், கண்டுபிடித்தால் அணிக்கு ஒரு புள்ளி என்று வைத்து, கணக்கைத் தாளில் எழுதிக்கொள்ளலாம். எதிரணி வாய் மூடி இருப்பதால் ஒவ்வொரு முறையும் நேரம் முழுவதும் ஓடும். ஆகவே 80 நொடியை 60 ஆக்கினால் எட்டுப் பேரின் மூன்று சுற்று 32 நிமிடத்துக்குப் பதிலாக 24 நிமிடத்தில் முடியும். சுற்றுக்கு ஒரு முறையை மட்டும் இரு அணிக்கும் பொதுவாக்கி, முந்துபவருக்கு இரண்டு புள்ளி தந்தால் காத்திருக்கும் அணியும் விழிப்போடு இருக்கும்.

வாக்கியத்தை ஒருவர் எழுத, அடுத்தவர் வரைய, அந்தப் படத்தை மூன்றாமவர் மீண்டும் வாக்கியமாக்கும் சங்கிலி ஆட்டத்தை இந்த அறைக்குள் நடத்த முயல வேண்டாம். அதற்கென்றே கார்ட்டிக் போன் என்னும் தளம் இருக்கிறது.

எந்த விதியைத் தேர்ந்தாலும் அதை அரட்டைப் பெட்டியில் எழுதி அனைவரும் படித்த பிறகே தொடங்க வேண்டும். நடுவில் சேருபவருக்கு யார் விளக்குவது என்பதையும் முடிவு செய்துகொள்ளலாம். முதலில் பத்துச் சொற்களை மட்டும் இட்டு, இருவர் மட்டும் அறையில் இருந்து, ஒரு தமிழ்ச் சொல்லை வரைந்து விடை ஏற்கப்படுகிறதா என்று பார்த்துவிட்டு, அதன் பிறகு முழுப் பட்டியலோடு புதிய அறையைத் திறந்து மற்றவர்களை அழைக்கலாம்.