குத்துவரிசையிலிருந்து எம்எம்ஏ கூண்டுக்கு: முதலில் மாற்ற வேண்டியவை

குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்து கூண்டுக்குள் நடக்கும் எம்எம்ஏ போட்டியைப் பார்த்து, கம்பு இல்லை, வர்ம அடி இல்லை, கட்டிப் புரள்வதெல்லாம் ஒரு சண்டையா என்று கேட்கும் சிலம்ப வாத்தியார்கள் உண்டு. பாதி நியாயம்தான். கண், தொண்டை, பின்மண்டை, கவட்டையில் தாக்குவதும் ஒற்றை விரலை முறுக்குவதும் விதிப்படி தவறு. அதனால் வர்மத்தை நம்பிக் கூண்டுக்குள் போகாதீர்கள்.

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் குத்துவரிசை (வெறுங்கைச் சண்டை) பழகியவர் முதலில் மாற்ற வேண்டியது நிற்கும் நிலையை. தாழ்ந்து அகன்று நின்றால் முன்கால் எளிதில் சிக்கும், தொடையில் லோ கிக்கும் விழும். கால் இடைவெளி தோள் அகலத்தைவிடச் சற்றே கூட இருந்தால் போதும், கைகள் தாடையருகே. பக்கவாட்டில் விலகும் சுவடு (கால்வைப்பு) மட்டும் வீணாகாது, அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஸ்ப்ரால், காலைப் பிடிக்க வருபவரைத் தடுக்கும் முறை. எதிராளி காலைப் பிடிக்கக் குனிந்ததும் இரு கால்களையும் பின்னால் எறிந்து, இடுப்பை அவர் தோள்மேல் அழுத்துங்கள். முழங்காலை ஊன்றினால் எடை இறங்காது, அவர் உள்ளே நுழைந்துவிடுவார். 10 வீதம் 3 முறை. மண் களத்தில் வேண்டாம், மேட் விரியுங்கள்.

வழக்கமான தொழில்முறைப் போட்டியில் சுற்றுக்கு 5 நிமிடம், நடுவில் 1 நிமிடம் ஓய்வு, 3 சுற்று. மூச்சை இதற்கேற்பப் பழக்குங்கள். கழுத்துப் பிடி இறுகினால் உடனே எதிராளி உடம்பிலோ தரையிலோ கையால் தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்ளுங்கள். வீம்பு பிடித்தால் சில விநாடிகளில் மயக்கம்தான்.