சக்தி என்றால் எந்தச் சக்தி?

இலங்கை மலையகத்தில் ஹற்றன் பக்கம் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் சொல்லிக்கொடுக்கிறேன். போன வருடம் ஒரு பிள்ளை, சக்தியை ஆக்கவோ அழிக்கவோ முடியாது என்ற சக்திக் காப்பு விதியைச் சரியாக எழுதிவிட்டு, அடியில் ஒரு வரி சேர்த்திருந்தாள்: “ஆகவே ஆதிபராசக்திக்கு அழிவில்லை.” சிரித்துக்கொண்டே புள்ளி போட்டேன். அப்புறம் ஒரு தோட்டத்துக் கோயில் திருவிழாவில், ஒலிபெருக்கியில் பேச வந்தவரும் அதையே சொன்னார். விஞ்ஞானமே ஒப்புக்கொண்டுவிட்டதாம்.

பிள்ளையைக் குறை சொல்ல மனம் வரவில்லை. தமிழ்நாட்டுப் புத்தகங்களில் ‘ஆற்றல்’ என்று வருவது நம் பாடப்புத்தகத்தில் ‘சக்தி’. அம்மனுக்கும் அதுதான் பெயர். பௌதிகவியலையும் நம் தத்துவத்தையும் சேர்த்துப் பேசும்போது நடக்கும் தவறுகளில் பாதி, ஒரே சொல் இப்படி இரண்டு வீட்டில் குடியிருப்பதால் வருகிறது.

பௌதிகவியலின் சக்தி ஒரு கணக்கு. தோட்டத்துச் செக்ரோல், அதாவது வேலைக் கணக்குப் பதிவேடு மாதிரி. 20 கிலோ தேயிலைக் கொழுந்தை 50 மீற்றர் உயரத்துக்கு ஏற்றினால் அந்தக் கொழுந்தின் கணக்கில் ஏறத்தாழ 9,800 யூல் (சக்தியின் அலகு) ஏறும். சுமந்தவர் காலையில் தின்ற ரொட்டியின் கணக்கில் அதைவிட அதிகமாகக் குறையும். மிச்சம் வியர்வையும் உடல் சூடுமாகப் போய்விடும். எல்லாவற்றையும் கூட்டினால் தொகை மாறாது, விதி சொல்வது அவ்வளவுதான். ஒருவர் இறந்தால் அவர் உடலின் வெப்பம் காற்றுக்கும், மற்றது மண்ணுக்கோ நெருப்புக்கோ போகிறது. கணக்கில் துண்டு விழவில்லை, ஆன்மாவுக்கென்று தனிப் பத்தியும் இல்லை. ஆன்மா அழியாதது என்று நம்புகிறவர் தாராளமாக நம்பலாம். அந்த வழக்குக்கு இந்த விதியைச் சாட்சியாகக் கூப்பிட முடியாது.

‘அணு’வும் இதே கதை. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் காம்பராவில் (அறையில்) கூரைத் தகரத்தின் ஆணித் துளை வழியே வெயில் இறங்கும்போது தூசு மிதக்குமே, அதைத் தொடக்கமாக வைத்தே வைசேஷிகர் என்ற பழைய இந்தியத் தத்துவப் பள்ளியினர் யோசித்தார்கள். கண்ணுக்குத் தெரியும் மிகச் சிறிய பொருள் அந்தத் துகள், அதற்கும் உள்ளே பிரிக்கவே முடியாத பரமாணு என்றார்கள். அற்புதமான சிந்தனை. ஆனால் நாம் இன்று அணு என்பது பிரிகிற பொருள். 1897-இல் தொம்சன் அணுவுக்குள் இருக்கும் இலத்திரன் (எலக்ட்ரான்) என்ற துகளைக் கண்டார், 1911-இல் ரதர்போர்ட் அணுவின் நடுவிலுள்ள கருவைக் காட்டினார். சைவ சித்தாந்தத்தில் போய்ப் பார்த்தால், ஆணவத்தால் சுருங்கிக் கிடக்கும் உயிருக்கே அணு என்று பெயர். ஆக மூன்று அணுக்கள், மூன்றும் வேறு வேறு. ஔவையார் அணுவைத் துளைத்தார் என்று சொல்லி அவரை அணுகுண்டுக்காரர் ஆக்குவதையும் விட்டுவிடலாம்; அவர் பாராட்டியது குறளின் சுருக்கத்தை.

அடுத்தது, “அணுவுக்குள் எல்லாம் வெற்றிடம், ஆகவே உலகம் மாயை.” அணுக்கருவைக் கடுகு அளவாக்கினால் முழு அணு நூறு, இருநூறு மீற்றர் அகலம் வரும், அது உண்மை. ஆனால் மீதி இடம் காலியாகக் கிடப்பதில்லை. இலத்திரன் ஒரு புள்ளியில் உட்காராமல் அலை போல அந்த இடமெங்கும் பரவியிருக்கிறது. ஓர் அணுவின் இலத்திரன்கள் அடுத்த அணுவின் இலத்திரன்களைத் தம் இடத்துக்குள் விடுவதில்லை. லயத்துச் சுவரில் தலையை மோதினால் வீங்குவது இதனால்தான்.

இந்தத் தவறில் எனக்குக் கூடுதலாக உறுத்துவது தத்துவப் பக்கம். மார்கழியில் திருவெம்பாவை பாடுகிற நம் ஊர் சைவத்தில் மாயை பொய்த்தோற்றம் ஆகாது. ஆணவம், கன்மம், மாயை என்ற மும்மலங்களில் ஒன்று அது. உலகம் செய்யப்பட்ட மூலப்பொருள், மெய்யானது. பௌத்தரின் சூனியமும் காலி இடம் பற்றிய பேச்சில்லை. எதுவும் பிறவற்றைச் சாராமல் தானாக நிற்பதில்லை என்பதே அதன் கருத்து. பௌதிகவியலைத் தப்பாகச் சொல்லி, சித்தாந்தத்தையும் தப்பாகச் சொல்லி, இரண்டும் பொருந்துகின்றன என்று மகிழ்ந்து என்ன பயன்?

அணு அளவு நுண்ணிய பொருள்களின் பௌதிகவியலான குவாண்டத்துக்கு வருவோம். “பார்ப்பவன் இல்லாவிட்டால் பொருள் இல்லை” என்று ஒருமுறை கோயில் பெரியவர் ஒருவர் பிளேன்டீயை உறிஞ்சியபடி சொன்னார். “இதைத்தானே மாஸ்டர், நம்ம ஆட்கள் சாட்சின்னாங்க?” எல்லாவற்றையும் பார்த்திருக்கும் உணர்வையே அவர் சாட்சி என்றார். இலத்திரன்களை ஒவ்வொன்றாக இரண்டு பிளவுகள் இருக்கும் தட்டை நோக்கி அனுப்பினால் திரையில் அலைக்குரிய வரிகள் தெரியும். எந்தப் பிளவு வழியாகப் போனது என்று அறிய உணர்கருவி வைத்தால் வரிகள் மறையும். நான் அவருக்குச் சொன்னது இதுதான்: கருவியை ஓடவிட்டு, அறையைப் பூட்டி, எல்லோரும் வீட்டுக்குப் போய்ப் படுத்தாலும் வரிகள் மறையத்தான் செய்யும். பாடத்தில் வரும் ‘அவதானி’, அதாவது பார்ப்பவர், ஒரு கருவியாக இருந்தாலே போதும், மனம் தேவையில்லை. அளவீட்டின்போது உண்மையில் என்ன நடக்கிறது என்பதில் இன்றும் அறிஞர்களுக்குள் ஒத்த கருத்தில்லை. பௌதிகவியலாளர் யூஜின் விக்னர் ஒரு காலத்தில் மனத்துக்குப் பங்குண்டு என்றே வாதிட்டார், பிற்பாடு அவரே அதைக் கைவிட்டார். பெரியவர் ஏற்றுக்கொண்டாரா என்று கேட்காதீர்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கொழும்பில் வேலை செய்யும் மகன் நினைத்தால் இங்கே அம்மாவுக்கு விக்கல் வருவதற்கும் குவாண்டம் பிணைப்புக்கும் (தூரத்தில் இருக்கும் இரு துகள்களின் அளவீடுகள் ஒன்றோடொன்று தொடர்புபட்டிருப்பது) சம்பந்தமில்லை, பிணைப்பை வைத்துச் செய்தி அனுப்பவே முடியாது. பஸ்ஸுக்குக் காத்திருந்தால் நேரம் நீளுவதும் ஐன்ஸ்டைன் சொன்னதில்லை. அவர் சொன்னது கடிகாரத்தைப் பற்றி. கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவில் ஒரு கடிகாரம், கொழும்பில் இருப்பதைவிட வருடத்துக்குச் சுமார் 6 மைக்ரோ வினாடி முந்தி ஓடும், யார் மனநிலை எப்படி இருந்தாலும்.

“வேதாந்தம் படித்துத்தான் குவாண்டத்தைக் கண்டுபிடித்தார்கள்” என்பதும் அடிக்கடி காதில் விழும். குவாண்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான ஷ்ரோடிங்கர் வேதாந்தத்தை ஆழ்ந்து படித்தவர்தான். ஆனால் அவருடைய 1926-ஆம் ஆண்டுச் சமன்பாடு பொருளுக்கும் அலைத்தன்மை உண்டு என்ற டி புரோலியின் எண்ணத்திலிருந்து வளர்ந்தது. ஜெனீவாவின் சேர்ன் (CERN) துகள் பௌதிகவியல் ஆய்வகத்தில் 2 மீற்றர் உயர நடராசர் நிற்பதும் உண்மை. இந்திய அரசு அன்பளிப்பாகக் கொடுத்து, 2004-இல் திறந்துவைத்த சிலை அது, அங்கே யாரும் பூசை செய்வதில்லை.

அந்தச் சிலையின் பலகையில் சிவ நடனம் பற்றி ஆனந்த குமாரசுவாமி எழுதிய வரிகள் இருக்கின்றன. 1877-இல் கொழும்பில் பிறந்தவர். கலை பற்றி எழுத வருமுன், பாறைகளையும் கனிமங்களையும் ஆராயும் புவிச்சரிதவியல்காரராக இருந்து, இலங்கையின் கனிம ஆய்வுக்குத் தலைமை தாங்கியவர். 1904-இல் நம் மலைகளின் தென்சரிவில், பலாங்கொடைப் பக்கம் கிடைத்த ஒரு கறுப்புக் கனிமத்தை அவர் யுரேனியக் கனிமமான யுரேனினைட் என்று விவரித்தார். பார்க்க அப்படித்தான் இருந்தது. இங்கிலாந்தில் பகுத்துப் பார்த்தபோது பெரும்பகுதி தோரியம் ஒட்சைட்டு, அதுவரை பெயரே இல்லாத புதுக் கனிமம். தோரியனைட் என்று பெயர் வைத்தார்கள். அடுத்த வருடம் லண்டனில் ஒட்டோ ஹான் என்ற இளைஞர், இலங்கையிலிருந்து போன அந்தத் தோரியனைட்டைப் பிரித்துத்தான் ரேடியோதோரியம் என்ற கதிரியக்கப் பொருளைக் கண்டுபிடித்தார்.