கிருபையா, நியாயப்பிரமாணமா: கலாத்தியர் நிருபத்தை வாசிக்க ஒரு வழி

மனுஷன் தேவனுக்கு முன் நீதிமானாவது அவர் இலவசமாகத் தரும் கிருபையாலா, மோசேயின் சட்டமான நியாயப்பிரமாணத்தைக் கைக்கொள்வதாலா என்ற விஷயத்துக்குள் ஒற்றை வசனத்தைப் பிடித்துக்கொண்டு போகாதீர்கள். முதலில் புதிய ஏற்பாட்டில் அப்போஸ்தலன் பவுல் எழுதிய கலாத்தியர் நிருபத்தை (கடிதத்தை) ஒரே மூச்சில் வாசியுங்கள். ஆறே அதிகாரம்தான், அரை மணி நேரம் போதும். பவுல் தன் நிருபங்களில் பெரும்பாலும் வாழ்த்துச் சொன்ன கையோடு அந்தச் சபைக்காகத் தேவனுக்கு நன்றி சொல்வார்; இதில் அது இல்லை, நேராக ‘இவ்வளவு சீக்கிரம் வேறொரு சுவிசேஷத்துக்குத் திரும்பிவிட்டீர்களே’ என்று கேட்டுவிடுகிறார். அந்தக் கோபம் எதற்காக என்று தெரிந்த பிறகுதான் மற்ற வசனங்கள் எல்லாம் பிடிபடும்.

கலாத்தியா என்பது இன்றைய துருக்கியில் இருக்கிறது. அங்கே பவுலின் பிரசங்கத்தால் விசுவாசத்துக்கு வந்த புறஜாதியாரிடம் (யூதரல்லாதவரிடம்) பின்னால் சிலர் வந்து, விருத்தசேதனம் (ஆண்களின் நுனித்தோலை நீக்கும் யூதச் சடங்கு) செய்துகொள்ளுங்கள், இல்லையென்றால் உங்கள் விசுவாசம் முழுமையாகாது என்று சொல்லியிருக்கிறார்கள். ஆகவே அன்றைய சண்டை ‘நற்செயல் தேவையா, வேண்டாமா’ என்பது அல்ல, யூதரல்லாதவர் தேவனுடைய ஜனத்தில் சேர யூதராக மாற வேண்டுமா என்பதுதான். இந்தக் கேள்வியை ஒரு தாளில் எழுதிப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். ‘நியாயப்பிரமாணத்தின் கிரியைகள்’ என்று வரும் இடத்திலெல்லாம் அதை ஒருமுறை பாருங்கள்.

அப்புறம் 2-ம் அதிகாரம், 11 முதல் 14 வரை. இங்கே அவசரப்படாதீர்கள். அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், எருசலேம் சபைத் தலைவரான யாக்கோபிடமிருந்து சிலர் வந்ததும் பயந்து ஒதுங்கிவிடுகிறார். மற்ற யூத விசுவாசிகளும் விலகுகிறார்கள், கடைசியில் பவுலின் உடன் ஊழியரான பர்னபாகூட. பவுல் எல்லோர் முன்னாலும் பேதுருவைக் கண்டிக்கிறார். யாரோடு யார் பந்தியில் உட்காரலாம் என்பதில் கிருபை நின்றுபோனால் அது கிருபையே அல்ல என்பதுதான் அவர் வாதம், இதை வெறும் தத்துவமாக வாசிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். சாதி பார்த்துத் தனிப்பந்தி போட்ட, தனிக்கல்லறை கட்டிய சபைகளின் வரலாறு நமக்கும் உண்டு. அதனால் நாம் இந்த நான்கு வசனங்களையும் இரண்டுமுறை வாசிக்க வேண்டும்.

3-ம் அதிகாரத்துக்குப் போகும்போது ஆதியாகமத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். ஆபிரகாம் விசுவாசித்தான், அது அவனுக்கு நீதியாக எண்ணப்பட்டது என்பது 15:6; விருத்தசேதனக் கட்டளையோ 17-ம் அதிகாரத்தில்தான் வருகிறது. நியாயப்பிரமாணம் இன்னும் தள்ளி, வாக்குத்தத்தத்துக்கு 430 வருஷம் கழித்து வந்தது என்கிறார் பவுல். அவருடைய வாதமே இந்த வரிசையில்தான் நிற்கிறது, முந்தி வந்ததைப் பிந்தி வந்தது தள்ளிவிட முடியாது.

இங்கே ஒரு தவறான முடிவுக்கு வழுக்கி விழுவது ரொம்ப சுலபம்: யூத மார்க்கம் முழுவதும் சட்டம், கிறிஸ்தவம் முழுவதும் கிருபை என்று. அது சரியில்லை. யாத்திராகமம் 20-ஐப் பாருங்கள், ‘உன்னை எகிப்திலிருந்து புறப்படப்பண்ணினேன்’ என்பது முதலில் வருகிறது, கட்டளைகள் அதற்குப் பிறகுதான். பவுலும் ரோமர் 7:12-ல் நியாயப்பிரமாணம் பரிசுத்தமானது என்றே எழுதுகிறார். இரண்டாம் நூற்றாண்டில் மார்சியோன் என்பவர் பழைய ஏற்பாட்டையே ஒதுக்கித் தள்ளினார், ரோமாபுரிச் சபை அவரை ஏற்கவில்லை.

பவுலின் உடன் ஊழியர்களான தீத்துவையும் தீமோத்தேயுவையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கிரேக்கனான தீத்துவுக்கு விருத்தசேதனம் கட்டாயப்படுத்தப்படவில்லை என்கிறது கலாத்தியர் 2:3. ஆனால் யூதத் தாய்க்குப் பிறந்த தீமோத்தேயுவுக்குப் பவுலே அதைச் செய்கிறார், அந்தப் பக்கத்து யூதர்களை முன்னிட்டு (அப்போஸ்தலர் 16:3). முரண்பாடு மாதிரித் தெரியும். இரட்சிப்புக்கு நிபந்தனையாக வைத்தால் அவர் எதிர்ப்பார், ஊழியத்துக்குத் தடை வராமலிருக்க என்றால் செய்வார் என்று பார்த்தால் இரண்டும் பொருந்தும்.

அப்போஸ்தலர் 15-ஐ இதற்குப் பிறகு வாசியுங்கள். எருசலேமில் கி.பி. 49 வாக்கில் நடந்ததாகச் சொல்லப்படும் கூட்டம் அது. விருத்தசேதனம் வேண்டாம் என்று தீர்மானித்தார்கள். விக்கிரகங்களுக்குப் படைத்தவை, வேசித்தனம், நெருக்குண்டு செத்தது, இரத்தம் ஆகியவற்றுக்கு மட்டும் விலகியிருக்கச் சொன்னார்கள்.

‘கிருபையே போதும் என்றால் எப்படியும் வாழலாமா?’ என்று யாராவது கேட்டால், அதைப் பவுலே ரோமர் 6-ன் தொடக்கத்தில் கேட்டுப் பதிலும் சொல்லியிருக்கிறார். கலாத்தியர் 5:6-ல் அன்பினால் கிரியை செய்கிற விசுவாசம் என்று சொல்வதையும் சேர்த்துக் காட்டுங்கள். யாக்கோபு 2-ஐக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அவரும் ஆதியாகமம் 15:6-ஐத்தான் எடுக்கிறார், ஆனால் கூடவே ஈசாக்கைப் பலிபீடத்தில் வைத்த ஆபிரகாமைக் காட்டுகிறார். பவுல் எதிர்க்கிற ‘கிரியை’ விருத்தசேதனம் போன்றது, யாக்கோபு கேட்கிற ‘கிரியை’ பசித்திருக்கிற சகோதரனுக்குச் சோறு போடுவது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசியுங்கள்.