மெடிகேர், மெடிக்கெய்ட் இரண்டும் ஒருவருக்கே இருந்தால்: புது ஊழியர்களுக்குச் சொல்லித்தருவது எப்படி?

அமெரிக்காவில் மெடிகேர், மெடிக்கெய்ட் இரண்டுமே அரசின் மருத்துவக் காப்பீடுகள். அங்கே மாநில மெடிக்கெய்ட் அலுவலகத்துக்குப் புதிதாக வருபவர்களுக்குப் பயிற்சி கொடுக்கச் சொன்னால், முதல் நாளே விதிமுறைக் கோப்பைத் திறந்துவிடுகிறோம். வேண்டாம். ஒரு பாட்டியின் பில்லில் தொடங்குங்கள்.

படி 1: பாட்டியின் இரண்டு அட்டைகளையும் மேசையில் வையுங்கள். மெடிகேர் மத்திய அரசுடையது, 65 வயது நிறைந்தவர்களுக்கும் ஊனமுற்றோர் சிலருக்கும். மெடிக்கெய்ட் வருமானம் குறைந்தவர்களுக்கு; நடத்துவது மாநிலம், செலவில் பாதிக்குக் குறையாமல் தருவது மத்திய அரசு. இரண்டும் 1965-இல் ஒரே சட்டத்தில் பிறந்தவை, பெயரும் ஒட்டிப் பிறந்த மாதிரி இருப்பதால் முதல் வாரம் எல்லோருக்கும் வாய் குழறும்.

படி 2: யார் முதலில் கட்டுவது? இதற்கு அரை நாளாவது ஒதுக்குங்கள். டாக்டரைப் பார்த்ததற்கு மெடிகேர் ஒப்புக்கொண்ட தொகை 100 டாலர், அந்த வருடத்து டிடக்டிபிள் (காப்பீடு தரத் தொடங்கும் முன் நோயாளி தன் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகை) கட்டியாயிற்று என்று வைத்துக்கொள்வோம். மெடிகேர் 80 தரும். மிச்சம் 20 நம்மிடம் வரும், ஏனென்றால் மற்றவர்கள் கொடுத்து முடித்த பிறகுதான் மெடிக்கெய்ட் பையைத் திறக்கும். அந்த 20-ஐ அப்படியே தருமா? பல மாநிலங்களில் தராது. அதே வேலைக்கு மாநிலத்தின் கட்டணம் 70 என்றால், 80 ஏற்கெனவே போய்விட்டதே என்று பூஜ்யம் போடும். 90 என்றால் 10. எண்களை மாற்றி மாற்றிக் கொடுத்து அவர்களையே போடச் சொல்லுங்கள்.

படி 3: ஒருவர் பாட்டியாக நடிக்கட்டும். "டாக்டர் ஆபீஸிலிருந்து 20 டாலர் பில் வந்திருக்கு, கட்டவா?" புது ஆள் நல்ல மனதோடு "20 தானே, கட்டிடுங்க" என்பார். அங்கேயே நிறுத்துங்கள். பாட்டி கியூ.எம்.பி. பிரிவில் (வருமானம் குறைந்தவர்களின் மெடிகேர் செலவை மாநிலம் ஏற்கும் பிரிவு) இருந்தால் மெடிகேரின் மிச்சத்தை அவரிடம் கேட்பதே சட்டப்படி தப்பு. பிரிவைச் சரிபார்த்துவிட்டு, பேச வேண்டியது டாக்டர் ஆபீஸிடம்.

படி 4: மருந்து. 2006 முதல் இரண்டு அட்டையும் உள்ளவர்களுக்குப் பெரும்பாலான மருந்துகள் மெடிகேரின் மருந்துப் பகுதியான 'பார்ட் டி' வழியாகத்தான். இதைப் பத்து நிமிடத்தில் முடித்துவிடலாம்.

படி 5: மெடிக்கெய்ட் புதுப்பிப்பு. நிஜமான தலைவலி இதுதான். பாட்டி படிவத்தை அனுப்ப மறந்து மெடிக்கெய்ட் ரத்தானால், மாநிலம் அவருக்காகக் கட்டிவந்த 'பார்ட் பி' (மெடிகேரில் டாக்டர் செலவுக்கான பகுதி) பிரீமியமும் நின்றுபோகும். 2025-இல் அது மாதம் 185 டாலராக இருந்தது; அதை அவருடைய சோஷியல் செக்யூரிட்டி (அரசு ஓய்வூதியம்) பணத்திலேயே பிடித்துக்கொள்வார்கள். "பென்ஷன் குறைஞ்சிடுச்சு" என்று அழைப்பு வந்தால், வேறெதையும் கேட்கும் முன் கணினியில் புதுப்பிப்புத் தேதியைப் பார்க்கப் பழக்குங்கள்.