மலத்தில் ரத்தமா? அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் அறிகுறிகளைக் கவனிப்பது எப்படி

மலத்தில் ரத்தம் தெரிந்ததும் பலரும் மூலம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பல நேரம் அது மூலமாகவே இருக்கும். ஆனால் அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் என்னும் பெருங்குடல் அழற்சியும் இப்படித் தொடங்கலாம். மலக்குடலின் உட்படலம் சிவந்து புண்ணாகி, அங்கிருந்து இடைவெளி விடாமல் பெருங்குடலில் மேல்நோக்கிப் பரவக்கூடிய நோய் இது. 15 முதல் 30 வயதுக்குள் தொடங்குவது அதிகம். வீட்டிலிருந்தபடி இதை உறுதிசெய்ய முடியாது. மருத்துவரிடம் போகும்போது என்ன சொல்ல வேண்டும் என்று தெரிந்துகொள்ளலாம்.

படி 1: ரத்தத்தைப் பாருங்கள்

அருவருப்பாக இருந்தாலும் பார்த்துத்தான் ஆகவேண்டும். மூலத்தில் பெரும்பாலும் மலம் போன பிறகு பளிச்சென்ற சிவப்பில் சொட்டும், மலத்தோடு கலந்திருக்காது. கோலைட்டிஸில் இளகிய மலத்தோடு ரத்தமும் சளியும் கலந்து வரும். சில நேரம் மலமே இல்லாமல் அவை மட்டும் வரும். அழற்சி மலக்குடலோடு நின்றிருந்தால் பேதிக்குப் பதில் மலச்சிக்கல்கூட இருக்கலாம். மூலம் என்று எளிதில் ஏமாந்துபோகிற இடம் இதுதான்.

படி 2: எத்தனை நாளாக என்று கணக்கிடுங்கள்

கிருமித் தொற்றால் வரும் பேதி பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் அடங்கிவிடும். வாரக்கணக்கில் நீண்டாலோ, நின்று மறுபடி வந்தாலோ சந்தேகப்படுங்கள். அமீபா தொற்றும் அச்சு அசலாக இதே மாதிரி இருக்கும் என்பதால் மலப் பரிசோதனை அவசியம். ரத்தம் போகும்போது பேதியை நிறுத்தும் மாத்திரையை நீங்களாகப் போட்டுக்கொள்ளாதீர்கள். அழற்சி கடுமையாக இருந்தால் குடல் உப்பி ஆபத்தாகலாம். இபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளும் சிலருக்கு நோயைக் கிளப்பிவிடும்.

படி 3: அவசரமும் இரவும்

என்னைக் கேட்டால் அதிகம் கவனிக்க வேண்டியது இதைத்தான். கழிவறைக்குப் போய்ச் சேரும்வரை அடக்க முடியவில்லையா? போய்விட்டு வந்த பிறகும் இன்னும் இருப்பது போலவே தோன்றி, முக்கினால் ஒன்றும் வராமல் இருக்கிறதா? அடிவயிற்றில், குறிப்பாக இடப்பக்கம், பிடித்து இழுக்கிறதா? எல்லாவற்றுக்கும் மேலாக, தூக்கத்திலிருந்து எழுப்பிவிடுகிறதா? ஐபிஎஸ் எனப்படும் குடல் எரிச்சல் நோயிலும் வலியும் பேதியும் உண்டு. ஆனால் அதனால் ரத்தம் வராது. நல்ல தூக்கத்தைக் கலைப்பதும் அரிது.

படி 4: வயிற்றுக்கு வெளியேயும் தேடுங்கள்

மூட்டு வலி, கண் சிவந்து உறுத்துதல், முழங்காலுக்குக் கீழே தொட்டால் வலிக்கும் சிவந்த கட்டிகள், வாய்ப்புண் ஆகியவையும் இந்த நோயோடு வரலாம். கண்ணுக்கு ஒரு டாக்டர், மூட்டுக்கு இன்னொரு டாக்டர் என்று தனித்தனியாகப் போகிறவர்கள் வயிற்று விஷயத்தையும் சொல்லிவிடுங்கள். ரத்த இழப்பால் சோகை வந்தால் சோர்வும், படியேறும்போது மூச்சு வாங்குவதும் இருக்கும்.

படி 5: எழுதி வையுங்கள்

ஒரு நாளில் எத்தனை முறை, அதில் ரத்தத்தோடு எத்தனை, இரவில் எத்தனை, காய்ச்சல், எடை, சாப்பிடும் மருந்துகள். இவ்வளவு போதும். எழுதி முடித்த பிறகுதான் டாக்டரிடம் போவேன் என்று மட்டும் காத்திருக்காதீர்கள்.

படி 6: உடனே கிளம்ப வேண்டிய நேரம்

ஒரு நாளில் 6 முறை அல்லது அதற்கு மேல் ரத்தத்தோடு போய், கூடவே காய்ச்சல் 37.8 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலோ, நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 90-க்கு மேல் போனாலோ அது கடுமையான நிலை. 1955-இல் ட்ரூலவ், விட்ஸ் என்ற மருத்துவர்கள் வகுத்த அளவுகோலில் உள்ள இந்தக் கணக்கை இன்றும் பயன்படுத்துகிறார்கள். வயிறு உப்பிக் கடுமையாக வலித்தாலோ, மயக்கம் வந்தாலோ எதையும் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

அப்புறம் பரிசோதனைகள். ரத்தப் பரிசோதனையும், குடலில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் கால்புரோடெக்டின் என்ற மலப் பரிசோதனையும் செய்வார்கள். நோயை உறுதிசெய்ய கொலோனோஸ்கோபி (ஆசனவாய் வழியாகக் கேமரா பொருத்திய குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது) செய்து, சிறு திசு எடுத்துப் பார்ப்பார்கள். லேசான நோயில் ரத்தப் பரிசோதனை சரியாகவே இருக்கலாம். அதை வைத்து ஒன்றுமில்லை என்று விட்டுவிட முடியாது. இதற்கிடையில் அறிகுறிகள் தாமாகவே அடங்கிவிடுவதும் உண்டு. வருவதும் போவதும் இந்த நோயின் இயல்பு. அதனால் ரத்தம் நின்றுவிட்டது என்று டாக்டரிடம் வாங்கிய நேரத்தை ரத்து செய்யாதீர்கள்.