பழைய டிராக்டரில் டைனமோ, கட்டவுட் பழுது: சோதித்துப் பார்த்து மாற்றும் முறை

காவிரி டெல்டாவில் முப்பது ஆண்டுகளைத் தாண்டிய டிராக்டர்கள் இன்றும் கேஜ் வீல் மாட்டிக்கொண்டு சேற்றுழவுக்கு இறங்குகின்றன. மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12 அன்று திறக்கப்பட்டு வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால், குறுவைக்கு உழவு இரவிலும் நிற்காது. அந்த நேரத்தில் முகப்பு விளக்கு மங்கினாலோ, காலையில் செல்ப் எடுக்காவிட்டாலோ, பலரும் முதலில் புது பேட்டரி வாங்கிவிடுகிறார்கள். சார்ஜ் ஏறாத வண்டியில் புது பேட்டரியும் சில நாட்களில் அதே நிலைக்குத்தான் வரும். ஆகவே எந்தப் பாகத்தையும் வாங்குவதற்கு முன், குறை எங்கே இருக்கிறது என்பதைச் சோதனையால் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

இந்த விளக்கம், இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் 12 வோல்ட் டைனமோ பொருத்திய பழைய வண்டிகளுக்கானது. டைனமோ நீண்ட உருளையாக இருக்கும். அதில் ‘டி’ என்ற பெரிய முனையும் ‘எஃப்’ என்ற சிறிய முனையும் இருக்கும். அங்கிருந்து வரும் ஒயர்கள், சார்ஜைக் கட்டுப்படுத்தும், கட்டவுட் என்று நாம் அழைக்கும் கறுப்புப் பெட்டிக்குச் செல்லும். டைனமோவுக்குப் பதிலாகப் புதிய வண்டிகளில் வரும் ஆல்டர்னேட்டர் குட்டையாகவும் பருமனாகவும் இருக்கும். அதற்கு இந்தச் சோதனைகள் பொருந்தா. தேவையான சாமான்கள் சில: ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், ஸ்பானர் செட், திருப்புளி, நைசான உப்புத்தாள், இரு முனையிலும் கிளிப் வைத்த ஒயர். கை மோதிரத்தையும் காப்பையும் கழற்றி வைத்துவிடுங்கள். இன்ஜின் ஓடும்போது பேன் அருகே குனிய வேண்டியிருப்பதால், தோளில் துண்டு இருக்கக் கூடாது.

முதலில் இன்ஜினை நிறுத்திய நிலையில் பேட்டரியை அளந்து பாருங்கள். முழுச் சார்ஜில் உள்ள பேட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும், 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. பிறகு இன்ஜினை ஓடவிட்டு, நடுத்தர வேகத்தில் மீண்டும் அளக்க வேண்டும். அளவு 13.8-க்கும் 14.5-க்கும் இடையில் வந்தால் சார்ஜ் ஏறுகிறது. மெதுவான ஓட்டத்தில் டைனமோ மிகக் குறைவாகவே மின்சாரம் தரும் என்பதால், ஐடிலில் அளந்துவிட்டு டைனமோ போய்விட்டது என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

சார்ஜ் ஏறவில்லையென்றால் பெல்ட்டையும், வண்டி உடலோடு சேரும் எர்த் இணைப்பையும் பாருங்கள். பெல்ட்டின் நீளமான பகுதியைக் கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் அரை அங்குலம் தணிய வேண்டும். நாகப்பட்டினம், வேதாரண்யம் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக் காற்றால் ஒயர் முனைகளில் பச்சைக் களிம்பு பிடித்துவிடும். வெளிப்பார்வைக்கு இறுக்கமாகத் தெரிந்தாலும் உள்ளே மின்சாரம் போகாது. ஒவ்வொரு முனையையும் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, வாசலின் பூசி மாட்டுங்கள். பல வண்டிகள் இந்த அளவிலேயே சரியாகிவிடும்.

அதன் பிறகும் சார்ஜ் ஏறாவிட்டால், குறை டைனமோவிலா கட்டவுட்டிலா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். டைனமோவின் இரண்டு ஒயர்களையும் கழற்றிவிட்டு, ‘டி’ முனையையும் ‘எஃப்’ முனையையும் கிளிப் ஒயரால் இணையுங்கள். மல்டிமீட்டரின் ஒரு முனையை அந்த இணைப்பிலும், மற்றொன்றை டைனமோவின் உடலிலும் வைத்து, இன்ஜின் வேகத்தை மெல்லக் கூட்டுங்கள். வோல்ட் தடையில்லாமல் ஏறினால் டைனமோ நன்றாக இருக்கிறது. 20 வோல்ட்டைத் தொட்டதும் வேகத்தைக் குறைத்துவிட வேண்டும், இல்லையேல் காயில் கருகும். ஒன்றுமே காட்டாவிட்டால், சுழலும் பாகத்தைத் தொட்டு மின்சாரம் எடுக்கும் கார்பன் பிரஷ்ஷைச் சந்தேகிக்கலாம். ஒரு வோல்ட்டுக்குள் நின்றால் டைனமோ உடலின் உட்புறமுள்ள பீல்டு காயிலும், நான்கைந்து வோல்ட்டில் நின்றால் நடுவில் சுழலும் ஆர்மேச்சரும் பழுதாகியிருக்கக்கூடும். காயில் கட்டும் கடைக்குப் போகும்போது இந்த அளவைச் சொன்னாலே வேலை பாதி குறையும்.

டைனமோவைக் கழற்றுவதற்கு முன் பேட்டரியின் எர்த் ஒயரை எடுத்துவிடுங்கள். திரும்ப மாட்டும்போது அதுவே கடைசியாக மாட்டப்பட வேண்டும். எந்த முனை வண்டியின் உடலோடு சேர்ந்திருக்கிறது என்பதை அப்போதே குறித்துக்கொள்வது மிக அவசியம், ஏனென்றால் மிகப் பழைய வண்டிகள் சிலவற்றில் பிளஸ் முனையே எர்த்தாக இருக்கும். டைனமோவைக் கீழே இறக்கி, நீளமான இரண்டு போல்ட்டுகளைக் கழற்றினால் பின்மூடி தனியாக வந்துவிடும். சேற்றுழவும் கதிரடிப்பும் பார்த்த வண்டியென்றால், உள்ளே காய்ந்த சேறும் வைக்கோல் தூசும் கார்பன் பொடியோடு கலந்து அப்பியிருக்கும். அதைத் தண்ணீரால் கழுவாமல், பெட்ரோலில் நனைத்த துணியால் துடைத்து உலர விடுங்கள்.

பிரஷ் குட்டையாகி ஸ்பிரிங் அழுத்தம் குறைந்திருந்தால் இரண்டையும் ஒன்றாக மாற்றுங்கள். புதிய பிரஷ் அதன் கூட்டில் விரலால் தள்ளினால் தடையின்றி ஏறி இறங்க வேண்டும். ஆர்மேச்சரின் செம்புப் பட்டைகளை உப்புத்தாளால் மெருகேற்றி, அவற்றுக்கு இடையில் மின்சாரம் கடக்காமல் தடுக்கும் மைக்கா சுமார் அரை மில்லிமீட்டர் தாழ்ந்திருக்கிறதா என்று கவனியுங்கள். மைக்கா மேலே தூக்கி நின்றால் பிரஷ் செம்பில் படியாமல் தத்தும். பக்கவாட்டை அரைத்து மெலிதாக்கிய ஆக்சா பிளேடால் அதைச் சுரண்டி இறக்கலாம். செம்பில் பள்ளம் விழுந்திருந்தால் லேத் பட்டறையில் கடைந்துதான் ஆக வேண்டும். பின்மூடியில் ஆர்மேச்சரின் தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்து ஆர்மேச்சர் ஆடினால், புஷ்ஷையும் மாற்றிவிடுங்கள். அந்த ஆட்டத்தோடு புது பிரஷ் போடுவது வீண் செலவு.

டைனமோ நன்றாக இருந்து சார்ஜ் மட்டும் ஏறாவிட்டால் கட்டவுட்டை மாற்றலாம். ஒயர் ஒவ்வொன்றிலும் ஒரு சிறு காகிதத்தை ஒட்டி, எந்த முனையிலிருந்து வந்தது என்று எழுதிய பின்னரே கழற்றுங்கள். ‘இ’ என்ற எர்த் முனையில் தனிக் கவனம் தேவை. அது வண்டி உடலோடு சரியாகச் சேராவிட்டால், கட்டுப்படுத்தும் காயிலுக்கு மின்சாரம் கிடைக்காது. டைனமோ கட்டுக்கடங்காமல் சார்ஜ் ஏற்றி, பேட்டரித் தண்ணீர் கொதித்து வற்றும். பெயின்ட்டின் மேல் திருகிய எர்த் போல்ட் எர்த் ஆகாது. உலோகம் தெரியும்வரை சுரண்டிவிட்டு முடுக்குங்கள்.

எல்லாம் மாட்டிய பின் டைனமோவுக்குக் காந்தத் திசை காட்ட வேண்டும். ‘எஃப்’ ஒயரை மட்டும் கழற்றி, பேட்டரியின் எர்த் அல்லாத முனையில் முன்னதாகவே பிணைத்த ஒயரால் டைனமோவின் ‘எஃப்’ முனையை இரண்டு மூன்று முறை நொடிநேரம் தொட்டு எடுங்கள். பொறி பறக்கும், அது டைனமோ பக்கம் பறக்கட்டும், பேட்டரி வாயு தீப்பிடிக்கக்கூடியது என்பதால் அந்தப் பக்கம் பறக்கவே கூடாது. இதைச் செய்யாவிட்டால், நல்ல டைனமோகூடச் சார்ஜ் செய்யாமலோ, தலைகீழாகச் செய்தோ கட்டவுட்டின் பாயின்ட்டைக் கருக்கிவிடும்.

‘எஃப்’ ஒயரை மாட்டி, இன்ஜினை நடுத்தர வேகத்தில் ஓடவிட்டு, விளக்குகளை எரியவிட்டபடியே பேட்டரியை மறுபடியும் அளந்து பாருங்கள். 13.8 வந்தால் வண்டியை இரவு உழவுக்குத் தைரியமாக அனுப்பலாம். 15-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் உடனே நிறுத்திவிட்டு, கட்டவுட்டின் எர்த்தை மீண்டும் பாருங்கள். பின்மூடியின் நடுவிலுள்ள சிறு துளையில் ஒவ்வொரு பருவ உழவுக்கும் முன் சில சொட்டு இன்ஜின் ஆயில் விட்டுவந்தால் புஷ் நீண்ட நாள் வரும். அளவு மீறினால் ஆயில் பிரஷ்வரை கசிந்துவிடும்.