கடன் தீர்ந்தது, வில்லங்கம் தீரவில்லை

போன வாரம் சார்பதிவாளர் அலுவலக வாசலில் ஓர் இளம் தம்பதி நின்றிருந்தார்கள். கையில் வங்கி கொடுத்த ஃபைல். உள்ளே அசல் கிரயப் பத்திரமும் கடன் பாக்கி இல்லை என்ற கடிதமும். வீட்டுக் கடனை அடைத்து இரண்டு வருடம் ஆகிவிட்டது. அன்றைக்கு வீட்டை விற்றுக் கிரயம் செய்து கொடுக்க வந்திருக்கிறார்கள். "ஈசியில் என்னவோ வருதாம் சார், வாங்குறவங்க கையெழுத்துப் போட மாட்டேங்குறாங்க" என்றார் கணவர். ஈசி என்றால் வில்லங்கச் சான்று, சொத்தின் மீது பதிவானவற்றின் பட்டியல். ஃபைலை வாங்கிப் பார்க்காமலே விஷயம் புரிந்துவிட்டது. நானும் அதே இடத்தில் நின்றிருக்கிறேன், அதுவும் வக்கீலாக இருந்துகொண்டு.

ஈசி போட்டுப் பாருங்கள், தாய்ப் பத்திரம் கேளுங்கள் என்றெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அதை டீக்கடையிலேயே சொல்லிவிடுவார்கள். அதையெல்லாம் செய்த பிறகும் மாட்டிக்கொள்கிறவர்களுக்காகத்தான் இது.

ரசீது பதியாமல் விடுவது

தமிழ்நாட்டில் வீட்டுக் கடன் வாங்கும்போது அசல் பத்திரங்களை வங்கியிடம் ஒப்படைக்கிறோம். ஒப்படைத்ததைச் சொல்லும் ஓர் ஆவணத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிகிறோம். எல்லோரும் எம்ஓடி என்கிறார்களே, அதுதான். அன்று முதல் வில்லங்கச் சான்றில் உங்கள் வீட்டுக்கு ஒரு வரி, அதாவது ஒரு என்ட்ரி, ஏறிவிடும். தன்மை, உரிமை ஆவணங்களின் ஒப்படைப்பு. எழுதிக் கொடுத்தவர் நீங்கள், எழுதி வாங்கியவர் வங்கி. கடைசித் தவணையைக் கட்டியதும் வங்கிக் கம்ப்யூட்டரில் கணக்கு மூடிவிடும். ஈசியில் இருக்கும் வரி மட்டும் அசையாது. கடன் தீர்ந்தது என்று வங்கி உங்களுக்கு ரசீது ஆவணம் எழுதிக் கொடுத்து, அதையும் பதிந்தால்தான் கணக்கு நேராகும். அப்போதும் பழைய வரி அழியாது, அதை முடித்துவைக்கும் இன்னொரு வரி சேரும், அவ்வளவுதான். "ரசீது போட்ட பிறகும் பழைய என்ட்ரி தெரியுதே" என்று சிலர் பதறிப்போய் வருவார்கள். தெரியத்தான் செய்யும்.

நான் முதல் வீட்டுக் கடனை அடைத்தது 2009-ல். மேலாளர் நல்ல மனிதர். "ஒரு நாள் சொல்லுங்க சார், ரசீதுக்கு நானே வந்துடுறேன்" என்றார். சார்பதிவாளர் அலுவலகம் என் அலுவலகத்திலிருந்து நடந்து போகிற தூரம். பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். பத்திரம்தான் பீரோவுக்கு வந்துவிட்டதே.

2021-ல் வீட்டை விலை பேசினேன். வாங்குபவருக்கும் வங்கிக் கடன். அந்த வங்கிக்கு லீகல் ஒப்பினியன் எழுதியவர் ஒரு காலத்தில் என்னிடம் ஜூனியராக இருந்த பையன். 'அடமானம் நிலுவையில் உள்ளது, ரசீது ஆவணம் தேவை' என்று எழுதிவிட்டான். அந்த வாக்கியத்தை அவனுக்கு எழுதக் கற்றுக்கொடுத்ததே நான்தான்.

கடன் கொடுத்த வங்கியைத் தேடிப் போனால் அந்தப் பெயரிலேயே வங்கி இல்லை. 2020 ஏப்ரலில் பத்துப் பொதுத்துறை வங்கிகளை நான்காக இணைத்தார்கள் அல்லவா, அதில் அதுவும் போயிருந்தது. என் பழைய கடன் எண் புதிய வங்கியின் கணினியில் ஏறவே இல்லை. "உங்க பேர்ல கடனே இல்லையே சார், எதுக்கு ரசீது?" என்று கேட்டார் கவுன்ட்டரில் இருந்த பெண். நியாயமான கேள்வி. கடன் இல்லாததால்தான் ரசீது கேட்கிறேன் என்று அவருக்கும், அவருடைய மேலாளருக்கும், பிறகு மண்டல அலுவலகத்துக்கும் விளக்கி, யார் கையெழுத்துப் போட அதிகாரம் பெற்றவர் என்று அவர்கள் முடிவு செய்து, அவர் வந்து விரல் ரேகை வைப்பதற்குள் நான்கு மாதம் ஓடிவிட்டது. வாங்க வந்தவர் அதற்குள் பக்கத்துத் தெருவில் வேறு வீடு வாங்கிக் குடியும் போய்விட்டார். கடைசியில் 3 லட்சம் குறைத்துத்தான் விற்றேன். அந்தத் தெரு வழியாகப் போனால் இன்றைக்கும் எரிச்சல்தான்.

இப்போது கடன் அடைக்கிறவர்கள் கையில் ஒரு பிடி இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பர் 13-ல் ஒரு சுற்றறிக்கை விட்டது. கடன் முழுதாக அடைந்த 30 நாளுக்குள் அசல் ஆவணங்களைத் திருப்பித் தர வேண்டும், பதிவான அடமானப் பொறுப்பையும் வங்கி நீக்க வேண்டும். தங்கள் பக்கத்தில் தாமதம் என்றால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் கடன் வாங்கியவருக்குக் கொடுக்க வேண்டும். நடைமுறையில் பத்திரத்தைக் கொடுத்ததோடு வேலை முடிந்ததாக நினைக்கிற கிளைகள் உண்டு. பத்திரம் வாங்கப் போகும் அன்றே, ரசீது பதிய எந்தத் தேதியில் யார் வருவார் என்று எழுத்தில் கேளுங்கள். செர்சாய் என்ற மத்தியப் பதிவேட்டிலும் அடமானம் ஏறியிருக்கும். அதை நீக்கியாயிற்றா என்றும் கேளுங்கள்.

கடனை வங்கி விட்டு வங்கி மாற்றுகிறவர்களுக்கு இது இன்னும் மோசம். ஒரே வீட்டுக்கு மூன்று எம்ஓடி, ஒரு ரசீதுகூட இல்லாத ஈசியைப் பார்த்திருக்கிறேன். வட்டி கால் சதவீதம் குறைகிறது என்று மாறுகிறார்கள். புது எம்ஓடிக்கு மறுபடி முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் உண்டு என்பதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

'ஈசியில் ஒன்றுமில்லை' என்று நிம்மதியாவது

பதிவானது மட்டுமே ஈசியில் வரும். பதியாத உயில் வராது. வீட்டு வரி பாக்கி வராது. மூலப்பத்திரத்தைத் தெரிந்தவரிடம் கொடுத்துக் கைமாற்றாகப் பணம் வாங்கியிருந்தால் அதுவும் வராது. அதனால் அட்வான்ஸுக்கு முன் அசல் பத்திரத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள். "லாக்கர்ல இருக்கு, ஜெராக்ஸ் தர்றேன்" என்றால் லாக்கர் திறக்கும் நாள்வரை காத்திருங்கள்.

அக்கா தங்கையை விட்டுவிடுவது

"அண்ணன் தம்பி மூணு பேரும் கையெழுத்துப் போடுறோம்" என்பார்கள். பெண்கள் எத்தனை பேர் என்று கேட்டால்தான் முகம் மாறும். "அவங்களுக்கு நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாச்சு" என்பது பதில் ஆகாது, தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து அவர்கள் பதிவு செய்த விடுதலைப் பத்திரம்தான் பதில். இந்துக் குடும்பத்தில் அப்பா சுயமாகச் சம்பாதித்து உயில் எழுதாமல் இறந்திருந்தால், 1956 சட்டப்படியே மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு. பூர்வீகச் சொத்தில்தான் கதை நீளம். தமிழ்நாடு 1989-ல் அப்போது மணமாகாத பெண்களுக்குப் பங்கு கொடுத்தது. 2005-ல் மத்தியச் சட்டம் எல்லா மகள்களுக்கும் கொடுத்தது. அந்தத் திருத்தம் வந்த நாளில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் சொல்லிவிட்டது. வாரிசுச் சான்றிதழில் உள்ள பெயர்களை எண்ணுங்கள், பத்திரத்தில் உள்ள கையெழுத்துகளை எண்ணுங்கள். இரண்டும் ஒத்துப்போக வேண்டும்.

பவர் வைத்து விற்பவரிடம் வாங்குவது

பவர், அதாவது அதிகாரப் பத்திரம், கொடுத்தவர் இறந்தால் பொதுவாகப் பவரும் போச்சு. கொடுத்தவரை நேரில் பாருங்கள், போனில் வேண்டாம்.

மைனர் பங்கு

மைனருக்காக அப்பாவே கையெழுத்துப் போட்டிருந்தாலும் நீதிமன்ற அனுமதி நகலைக் கேளுங்கள். இல்லையென்றால் வாங்காதீர்கள்.

பட்டாவைப் பத்திரம் என்று நினைப்பது

பட்டா வருவாய்த் துறைக் கணக்கு. உரிமையைப் பத்திரத்தில் பாருங்கள்.

வரி பிடிக்க மறப்பது

விலை 50 லட்சத்தைத் தொட்டால் வாங்குபவர் 1 சதவீதம் பிடித்து வருமான வரித் துறைக்குக் கட்ட வேண்டும். விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் கணக்கே வேறு, பிடிக்க வேண்டியதும் அதிகம். ஆடிட்டரைக் கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

அந்தத் தம்பதிக்கு அன்று கிரயம் நடக்கவில்லை. நல்லவேளை, அவர்கள் வங்கிக் கிளை அதே பெயரில் அதே தெருவில்தான் இருக்கிறது. வியாழக்கிழமைக்கு இரண்டு டோக்கன் போட்டிருக்கிறார்கள், முதலில் ரசீது, அடுத்து கிரயம். வங்கி மேலாளர் பதினொரு மணிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். அழைத்து வர ஆட்டோவுக்கும் சொல்லியாயிற்று.